எட்டுப் புள்ளியும் ஆறு பள்ளிகளும்

நம் வீடுகள் பலவற்றில் ஆண்டுதோறும் நவம்பர் மாதம் ஒரு பெரிய பொறுப்பு அக்கா அல்லது அண்ணன் தலையில் வந்து விழுகிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிவுகள் வந்த கையோடு, “நீதான் இதையெல்லாம் தாண்டி வந்திருக்கே, எந்தப் பள்ளி போடலாம்னு பார்த்துச் சொல்லு” என்று பெற்றோர் நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் 6 உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கவேண்டும்.

கடந்த நவம்பரில் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. வீட்டுக்கு அருகிலிருந்த அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் படித்து, தொடக்கக் கல்லூரி வழியாக இங்கு வந்தவள். என் தங்கை எடுத்தது 8 புள்ளி.

புள்ளி முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தரப்படுகிறது. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் எடுத்தால் 1. 20க்கும் கீழே போனால் 8. நான்கு பாடங்களையும் கூட்டினால் மிகச் சிறந்த முடிவு 4, மிகக் குறைந்தது 32. ஆக, 8 புள்ளி என்பது நல்ல முடிவு. நல்ல முடிவு வந்த வீட்டில்தான் குழப்பமும் அதிகம் என்பதை அந்த வாரத்தில் கண்டேன்.

அப்பாவுக்குப் பெயர்பெற்ற பள்ளி ஒன்றின்மேல் ஆசை. “நமக்குத் தெரிஞ்ச பெரிய ஆளுங்கன்னு யாரும் இல்லம்மா. பள்ளியோட பேராவது பிள்ளைக்குத் துணையா இருக்கட்டும்” என்றார். நான் படித்த பள்ளியைக் குறிப்பிட்டு, அங்கிருந்தும் பல்கலைக்கழகம் வரலாமே என்றேன். “உனக்கு அந்த வாய்ப்பு கிடைக்கல. இவளுக்குக் கிடைச்சிருக்கு. விடச் சொல்றியா?” என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் யார் சொல்வது சரி என்று வாதாடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பள்ளியையும் பற்றித் தகவல் திரட்டத் தொடங்கினேன்.

புள்ளி எதைக் காட்டுகிறது?

பள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முந்தைய ஆண்டில் அங்கு இடம் பெற்ற முதல் மாணவரின் புள்ளியும் கடைசி மாணவரின் புள்ளியும்தான் அவை. எத்தனை பேர் அந்தப் பள்ளியை விரும்பினார்கள் என்பதை அவை காட்டும். அங்கு கணிதம் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதைக் காட்டமாட்டா.

ஒரு காலத்தில் கல்வி அமைச்சே பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியது. 1992ல் தொடங்கிய வரிசை, 2004ல் பிரிவுகளாக மாறியது. 2012ல் அதுவும் கைவிடப்பட்டது. அதிகாரபூர்வப் பட்டியல் இல்லாமல் போனதால், நம் பெற்றோர் இந்த இரண்டு எண்களையே பட்டியலாக வாசிக்கிறார்கள்.

அப்பாவின் இன்னொரு கவலை, சாதாரணப் பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளை தேங்கிவிடுவாளோ என்பது. 2024ல் உயர்நிலை 1ல் சேர்ந்தவர்களிலிருந்து விரைவு, வழக்கநிலை என்ற பழைய பிரிவுகள் இல்லை. பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் கற்பிக்கப்படுகின்றன. 4 முதல் 20 புள்ளி வரை எடுத்தவர்கள் பெரும்பாலும் ஜி3 நிலையில் படிப்பார்கள். கலை, இசை, உடற்கல்வி போன்ற பாடங்களில் எல்லாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்றவற்றுக்கு அவரவர் நிலைக்கேற்பப் பிரிவார்கள். எனவே ஜி3 கணிதம் எந்த அரசாங்கப் பள்ளியிலும் ஜி3 கணிதம்தான்.

வேறுபாடு வருவது உயர்நிலை 3ல். மூன்று அறிவியல் பாடங்களையும் தனித்தனியாக எடுக்க முடியுமா, கூடுதல் கணிதம், கணினியியல், இலக்கியம் உண்டா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். படிப்பில் சிறந்த பிள்ளைக்குக் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது.

ஆறாண்டு வழியா, நான்காண்டு வழியா?

8 புள்ளி எடுத்தவர்களின் வீட்டில் அடுத்த விவாதம், ஒருங்கிணைந்த பாடத்திட்டம். 2004ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மாணவர்கள் நான்காம் ஆண்டில் தேசியத் தேர்வு எழுதாமல் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து படித்து, மேல்நிலைத் தேர்வையோ ஐபி பட்டயத் தேர்வையோ எழுதுகிறார்கள். சுயேச்சைப் பள்ளியான தேசியப் பல்கலைக்கழகக் கணித, அறிவியல் உயர்நிலைப் பள்ளி தனக்கென ஒரு பட்டயமே வழங்குகிறது.

தேர்வு நெருக்கடி இல்லாததால் ஆய்வுக்கும் ஆழமான வாசிப்புக்கும் நேரம் கிடைக்கும். என் நண்பன் ஒருவன் கணிதம் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவான். அவனுக்கு அந்த ஆறு ஆண்டுகள் பொருத்தமாக அமைந்தன. நல்ல நண்பர்களும் அங்குதான் கிடைத்தார்கள் என்று இன்றும் சொல்வான்.

நான்காண்டு வழியில் செல்பவர்கள் 2027 முதல் சாதாரண நிலைத் தேர்வுக்குப் பதிலாக சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வை எழுதுவார்கள். கையில் ஒரு தேசியச் சான்றிதழ் இருக்கும். தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா என்பதை 16 வயதில் நிதானமாக முடிவு செய்யலாம். ஆறாண்டு வழியில் சேர்ந்த பிள்ளை பாதியில் மனம் மாறினால் பள்ளி என்ன ஏற்பாடு செய்யும்? விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு தவறான எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ஒருங்கிணைந்த பாடத்திட்டம் என்றாலே வசதியான வீட்டுப் பிள்ளைகள் போகும் சுயேச்சைப் பள்ளி என்று நினைக்கிறோம். தேசியத் தொடக்கக் கல்லூரி, தெமாசெக் தொடக்கக் கல்லூரி ஆகிய இரண்டும் உயர்நிலை 1லிருந்தே இந்தத் திட்டத்தில் மாணவர்களைச் சேர்க்கும் அரசாங்கக் கல்வி நிலையங்கள். விக்டோரியா, சீடார் பெண்கள் பள்ளிகளில் இரண்டு வழிகளும் உண்டு. சுயேச்சைப் பள்ளிகளில் மாதக் கட்டணம் சில நூறு வெள்ளி வரும். அரசாங்கப் பள்ளியில் சிங்கப்பூரருக்கு 25 வெள்ளி அளவில்தான். சுயேச்சைப் பள்ளியையே விரும்பினாலும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உதவிநிதி இருக்கிறது. கட்டணத்தைப் பார்த்தவுடன் பட்டியலிலிருந்து நீக்கிவிடாமல், முதலில் அதைப் பற்றி விசாரியுங்கள்.

தமிழ் எங்கே நடக்கும்?

தங்கைக்கு அறிவியலும் பிடிக்கும், தமிழில் பேசவும் எழுதவும் பிடிக்கும். சொற்களம் போன்ற விவாதப் போட்டிகளில் கலந்துகொள்ளவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அப்பா விரும்பியது சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் ஒன்று. சீன மொழியையும் பண்பாட்டையும் முன்னிறுத்தி அமைந்தவை அந்தப் பள்ளிகள். நாங்கள் பார்த்த பள்ளியில் தமிழ் வகுப்பு வளாகத்துக்குள் நடப்பதில்லை. அத்தகைய நிலையில் மாணவர்கள் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கோ தமிழ் கற்பிக்கும் வேறு நிலையத்துக்கோ பள்ளி முடிந்தபின் செல்வார்கள்.

இந்த நிலையங்களில் படித்துத் தமிழில் சிறந்து விளங்குபவர்கள் பலர் இருக்கிறார்கள். வெவ்வேறு பள்ளித் தமிழ் மாணவர்களைச் சந்திப்பதும் அங்கே கிடைக்கும் நன்மை. ஆனால் நடைமுறையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு மணி நேரம். வாரத்தில் சில பிற்பகல்கள் அங்கிருந்து நிலையத்துக்கு, பிறகு வீட்டுக்கு. இணைப்பாட நடவடிக்கை நாள்கள் தனி. இதைத் தாளில் கட்டம் போட்டு எழுதிக் காட்டியபோதுதான் அம்மா, “பிள்ளை எப்போ சாப்பிடும்?” என்று கேட்டார்.

இன்னொரு நுணுக்கமும் எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளின் புள்ளிக்குப் பக்கத்தில் சில நேரம் ஓர் எழுத்தும் இருக்கும். அது உயர் சீனத்தில் பெற்ற தேர்ச்சியைக் குறிக்கிறது. 14 புள்ளிக்குள் எடுத்து, உயர் சீனத்திலும் தேறியவர்களுக்கு, ஒரே புள்ளி எடுத்தவர்களிடையே அந்தப் பள்ளிகளில் முன்னுரிமை உண்டு. உயர் தமிழுக்கு அங்கே அந்த முன்னுரிமை இல்லை. கடைசிப் புள்ளி 8 என்று இருந்தாலும், 8 எடுத்த தமிழ்ப் பிள்ளைக்கு இடம் கிடைப்பது நிச்சயமில்லை.

எனவே ஒவ்வொரு பள்ளியிடமும் மூன்று கேள்விகள் கேட்டோம். தமிழ் வளாகத்திலேயே நடக்கிறதா? உயர் தமிழ் உண்டா, எத்தனை மணிக்கு? தமிழ் விவாதக் குழு இருக்கிறதா? மொழி ஆர்வம் உள்ளவர்களுக்கு மேலே வழியும் இருக்கிறது: தேசியத் தொடக்கக் கல்லூரியிலும் ஆண்டர்சன் சிராங்கூன் தொடக்கக் கல்லூரியிலும் 2020ல் தேசிய அளவிலான தமிழ் மொழி விருப்பப்பாடத் திட்டம் தொடங்கப்பட்டது.

“போட்டுப் பார்ப்போமே” சரியா?

கடைசியில் அப்பா, “முதல் இடத்தில் அந்தப் பள்ளியைப் போட்டுப் பார்ப்போம். கிடைக்கலன்னா இரண்டாவது கிடைக்கட்டும். நஷ்டம் என்ன?” என்றார்.

விதிப்படி அவர் சொல்வது ஏறக்குறைய சரி. இடங்கள் முதலில் புள்ளியின்படியே ஒதுக்கப்படுகின்றன. ஒரே புள்ளியுடன் கடைசி இடத்துக்குப் பலர் போட்டியிட்டால் முதலில் குடியுரிமை, அடுத்து பள்ளியை எத்தனையாவது தெரிவாகப் போட்டிருக்கிறோம் என்பது, அதன்பிறகு கணினிக் குலுக்கல். இப்போது சாத்தியமான மொத்தப் புள்ளிகள் 29தான் என்பதால், சமநிலை ஏற்படும் வாய்ப்பு பழைய முறையைவிட அதிகம். ஆனால் 8 எடுத்தவர், கடைசிப் புள்ளி 11 ஆக இருந்த பள்ளியை இரண்டாவதாகப் போட்டாலும் பெரிய ஆபத்து இல்லை.

நஷ்டம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைச் சொன்னது தங்கைதான். “கிடைச்சிட்டா போகணுமே, அப்பா” என்றாள்.

முதல் பள்ளியாக அவள் எழுதியது, பேருந்தில் 25 நிமிடத் தொலைவிலுள்ள ஓர் அரசாங்கப் பள்ளி. முந்தைய ஆண்டு கடைசிப் புள்ளி 11. தமிழும் உயர் தமிழும் வளாகத்திலேயே உண்டு. மூன்று அறிவியல் பாடங்களும் உண்டு. அப்பா கேட்ட பள்ளி பட்டியலில் இடம்பெறவில்லை. உறவினர் ஒருவர், “எட்டு எடுத்துட்டு அங்கேயா?” என்று கேட்டார். அப்பாவுக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியும். பெயர்பெற்ற பள்ளியில் கிடைக்கும் தொடர்புகள் இங்கு கிடைக்காமல் போகலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட நானும் அவளும் கொஞ்சம் கூடுதலாக உழைக்கவேண்டியிருக்கும். வீட்டிலிருந்து ஆறரை மணிக்குக் கிளம்பும் தங்கை மாலையில் விவாதப் பயிற்சியும் முடித்துவிட்டு, என்னுடன் சண்டை போடும் தெம்புடன் திரும்புகிறாள். இப்போதைக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

இதே 8 புள்ளியுடன் வேறொரு பிள்ளைக்கு ஆறாண்டு வழியே சரியாக இருக்கும். தம்பிக்கோ தங்கைக்கோ உதவப்போகும் நீங்கள் முடிவுகள் வரும்வரை காத்திருக்கவேண்டாம். தொடக்கநிலை 6ல் படிப்பவருக்குத் தனித்திறன் இருந்தால், ஆண்டின் நடுவிலேயே நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு மூன்று பள்ளிகள் வரை விண்ணப்பிக்கலாம். விளையாட்டு மட்டுமல்ல, விவாதமும் மொழியும்கூட அதில் சேரும். ஆனால் அப்படிக் கிடைக்கும் இடத்தை ஏற்றுக்கொண்டால் பிறகு வேறு பள்ளி கேட்க முடியாது.

பள்ளிகளின் அறிமுக நாளுக்குப் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். மேடையில் நடப்பதைப் பார்த்த பிறகு, உயர்நிலை 2 மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, புதன்கிழமை எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்று கேளுங்கள். காலையில் கிளம்பும் நேரத்தில் ஒருமுறை பேருந்தில் போய்ப் பாருங்கள். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, ஆறு பள்ளிகளையும் முதலில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு காரணமும் எழுதட்டும். அதை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாம்.