உமியின் வெப்பம் எங்கே போகிறது?

ஆலோசகராக வேலை பார்க்கும் வெப்பவியல் பொறியாளர் எந்திரம் எதையும் விற்பதில்லை. ஓர் ஆலையில் எரிபொருள் தரும் வெப்பம் எவ்வளவு, அதில் பயன்படுவது எவ்வளவு, மீதி எந்த வழியாக வெளியேறுகிறது என்று கணக்கெடுத்துச் சொல்வதே அவர் தொழில். தென்காசி வட்டாரத்தில் அந்தக் கணக்குக்கு நல்ல களம் புழுங்கல் அரிசி ஆலை.

ஊறி அவிந்த நெல்லில் ஈரம் 35 சதவீதம் வரை இருக்கும். அரைவைக்கு அது சுமார் 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். அதாவது உலர்ந்த கணக்கில் 1 டன் நெல்லுக்குச் சுமார் 320 கிலோ தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். கோடையில் களத்து வெயிலே இதைச் செய்துவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரக்காற்று நுழைந்து குற்றாலத்தில் சாரலடிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டிரையரைத்தான் நம்ப வேண்டும். 26 டிகிரி செல்சியஸில் 85 சதவீத ஈரப்பதம் கொண்ட அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு விழுகிறது. நெல்லின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும் பசி அப்போதுதான் காற்றுக்கு வருகிறது.

இந்தச் சூட்டைத் தருவது பாய்லரில் எரியும் உமி. 1 டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். கிலோவுக்கு ஏறத்தாழ 3,000 கிலோகலோரி வெப்பம். அது முழுதும் நெல்லைச் சென்றடைந்தால் உலர்த்துவதற்கு 60 கிலோ சொச்சமே போதும். நடைமுறையில் செலவாவது அதைவிட அதிகம். உமி சொந்த ஆலையிலேயே விழுவதால் இந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் மிஞ்சும் உமிக்கு வெளியே விலை உண்டு, வீணாவது காசுதான்.

ஆய்வு புகைபோக்கியில் தொடங்குகிறது. அதிலுள்ள துளைக்குள் உணரியை நுழைத்துப் புகையின் வெப்பநிலையும் ஆக்சிஜனும் அளக்கப்படுகின்றன. ஆக்சிஜன் மிகுந்திருந்தால் தேவைக்கு மேல் காற்று புகுந்து சூட்டைச் சுமந்துகொண்டு போகிறது என்று அர்த்தம். புகையின் சூட்டில் 22 டிகிரி குறைத்தால் பாய்லரின் திறன் சுமார் 1 சதவீதம் கூடும். சாம்பலையும் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும்: கறுப்பாக இருந்தால் கரி எரியாமலே வெளியே வருகிறது. சுடுநீராகத் திரும்பும் கண்டன்சேட்டைச் சாக்கடையில் விடாமல் பாய்லருக்கே அனுப்பி, ஊட்டுநீரின் வெப்பநிலையை 6 டிகிரி உயர்த்தினால் எரிபொருளில் மேலும் 1 சதவீதம் மிச்சம்.

2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்படி 2002இல் அமைந்த மத்திய ஆற்றல் திறன் பணியகம், இத்தகைய ஆய்வைச் செய்யும் ஆற்றல் தணிக்கையாளர்களுக்குத் தேசியத் தேர்வு நடத்திச் சான்றளிக்கிறது.

ஆய்வு அறிக்கையில் செலவு குறைந்த திருத்தங்கள் முதலில் வருவதே நியாயம்: காற்றுக் கதவைச் சரிசெய்தல், நீராவிக் கசிவை அடைத்தல், குழாய்களுக்குக் காப்புறை சுற்றுதல். புகையின் சூட்டால் காற்றைச் சூடாக்கும் கருவி அதற்குப் பிறகுதான். உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. அது குழாய்களைத் தேய்க்கும், படிந்து வெப்பத்தைத் தடுக்கும். ஆகவே அக்கருவியைப் பரிந்துரைப்பவர், சாம்பலை வழித்தெடுக்க ஆள் கை நுழையும் கதவையும் வரைபடத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.