மௌனம் காத்த குரு

பிறன் செய்த கொலைக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் குருவானவர் ஒருவர், கொலையாளி யாரென்று அறிந்திருந்தும் வாய்திறவாதிருக்கிறார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1953இல் வெளிவந்த ‘ஐ கன்ஃபெஸ்’ என்னும் திரைப்படத்தின் சாரம் இதுவே. பால் ஆந்தெல்ம் 1902இல் எழுதிய பிரெஞ்சு நாடகத்தைத் தழுவிய இக்கதை, கனடாவின் கியூபெக் நகரில் நிகழ்கிறது.

ஆலயப் பணியாளனாகிய கெல்லர், வில்லெட் என்னும் வழக்கறிஞனைக் கொன்றுவிட்டு, அன்றிரவே லோகன் என்னும் குருவிடம் பாவ அறிக்கை செய்கிறான். அவன் அப்போது குருவின் அங்கியை அணிந்து சென்றிருந்தான். அதனைக் கண்ட இரு சிறுமியரின் சாட்சியத்தால் ஐயம் லோகன்மீது திரும்புகிறது. குருப்பட்டம் பெறுமுன் லோகன் நேசித்த ரூத், அவரைக் காக்கவே உண்மையைச் சொல்கிறாள். தங்கள் பழைய உறவைக் காட்டி வில்லெட் தன்னை மிரட்டி வந்தான் என்கிறாள். அவ்வுண்மையே லோகனுக்குக் கொலை நோக்கம் உண்டெனக் காட்டிவிடுகிறது! (இவர்களுடைய பழங்காதலைச் சொல்லும் பகுதி அளவுக்கு மிஞ்சி நீண்டுவிட்டது என்பது நம் கருத்து.)

பாவ அறிக்கையில் கேட்டதை வெளியிடலாகாது என 1215ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் விதித்தது. கத்தோலிக்கரல்லாதார்க்கு இம்மௌனம் நகைப்புக்குரியதாகவே தோன்றும், ஆகவே இப்படத்தை எடுத்திருக்கலாகாது என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் இயக்குநர் த்ருஃபோவிடம் கூறினார். சீர்திருத்தச் சபையினராகிய நாம் இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தனிப்பட்ட பாவமன்னிப்புக் கூறுதல் சபைகளில் நிலைத்திருக்க வேண்டுமென்று 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை போதிக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1604ஆம் ஆண்டு விதிகளுள் 113ஆம் விதியும் இரகசியம் காக்கக் குருவைப் பணிக்கிறது. ஆனால், மறைப்பதனால் குருவின் சொந்த உயிருக்கே நாட்டுச் சட்டப்படி கேடு வரத்தக்க குற்றங்களுக்கு அவ்விதி விலக்களிக்கிறது. லோகன் தமக்கென எவ்விலக்கையும் நாடவில்லை.

இப்படத்தில் நம்மை உறுத்த வேண்டியது குருவின் மௌனத்தினும் கெல்லரின் அறிக்கையே. அவன் பாவத்தைச் சொன்னான்; பாவத்தை விட்டானில்லை. அறிக்கையைத் தன் கேடயமாக்கிக்கொண்டு, இரத்தக்கறை படிந்த அங்கியை லோகனின் பெட்டியில் மறைத்து வைக்கிறான். நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகப் பொய்ச்சாட்சியும் பகர்கிறான். மனந்திரும்புதல் இல்லாத அறிக்கை, அதனைக் கேட்டவரையே பலியாக்குகிறது.

போதிய சான்றில்லை என நடுவர் குழு லோகனை விடுவிக்கிறது. வெளியே கூட்டம் அவரை இகழ்கிறது. அதைத் தாளாது உண்மையைக் கூற முன்வந்த தன் மனைவியைக் கெல்லர் சுட்டுக் கொல்கிறான். பின்னர் காவலரின் குண்டுபட்டுச் சாகுந்தறுவாயில் லோகனிடம் மன்னிப்புக் கேட்கிறான். லோகன் மண்டியிட்டு அவனுக்குப் பாவமன்னிப்புக் கூறுகிறார்.