தேதி தவறினால் திட்டு விழுமா?

நடவுக்கு ஆள் கூப்பிட்ட அன்றைக்கே ஆஸ்பத்திரித் தேதியும் வந்தால், மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலம், சீர்காழிப் பக்கத்துப் பெண்கள் வயலுக்குத்தான் போவார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கூலி போனால் போனதுதான். ஆஸ்பத்திரிக்குப் போனாலோ ஓபி சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒன்று, மாத்திரைக்கு இன்னொன்று. வெறும் வயிற்றோடு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய வைத்திய நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சர்க்கரை நோயாளிக்கு அரை நாள் அதிலேயே கரையும்.

ஒரு தேதி தவறுவதைவிடப் பெரிய ஆபத்து, அதற்குப் பிறகு வருகிற பயம்தான். "ஏன் போன வாரம் வரலை?" என்று நர்ஸம்மா திட்டுவாரே என்று அடுத்த மாதமும் போகாமல் இருந்துவிடுகிறார்கள். மாத்திரை தீர்ந்ததே உடம்புக்குத் தெரிவதில்லை; பிரஷருக்கு வலி கிடையாது. பக்கவாதம் வந்த பிறகு கணக்குப் பார்த்து என்ன பயன்? காசநோய் மருந்தில் இன்னும் மோசம். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய், 6 மாத வைத்தியம் மேலும் நீளும்.

தேதி தவறியதால் உங்கள் வைத்தியம் ரத்தாகிவிடாது. அடுத்த வேலை நாளிலேயே நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரை கேட்கலாம். செவ்வாய் கர்ப்பிணிகளுக்கான நாள், புதன் தடுப்பூசி நாள். அந்தக் கூட்டத்தைத் தவிர்த்து வேறு கிழமையில் போனால் நேரம் மிச்சம். தேதி குறிக்கும்போதே "அன்னைக்கு நடவு இருக்கு, வேற நாள் போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு?

நடக்க முடியாதவர்களுக்கு வழி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. உங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லையென்றால், பெயர் பதியச் சொல்லிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

சரி, வரிசையில் காக்க வைப்பதற்கு வரம்பு உண்டா? தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. இத்தனை மணிக்குள் பார்த்தே ஆக வேண்டும் என்ற கெடு அதில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் புகார் சொல்வதும் அதற்குத் தீர்வு கேட்பதும் அதில் உரிமையாகவே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை தராமல் அனுப்புவது, வாழும் உரிமையையே பறிப்பது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது.

டாக்டர் இல்லை, மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினால் தேதி, நேரத்தை நோட்டிலேயே குறித்துக்கொண்டு சுகாதார உதவி எண்ணான 104க்கோ, முதல்வரின் உதவி மையமான 1100க்கோ பேசுங்கள். அதிலும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் நடத்தும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதால், அதற்காக நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.