எள்ளு கூட எமனாகுமா? 20 ஆண்டில் 3 மடங்கான ஆபத்தான அலர்ஜி: ஆனால் சாவு கூடவில்லை, ஏன்?

லண்டனில் விமானம் ஏறும் முன் பசிக்கு ஒரு ரொட்டி வாங்கி சாப்பிட்டாள் 15 வயது மாணவி நடாஷா. ரொட்டி மாவுக்குள் எள்ளு கலந்திருந்தது. மேலே தூவி இருந்தால் கண்ணில் பட்டிருக்கும். உள்ளே பிசைந்து சுட்டதால் தெரியவில்லை. பொட்டலத்திலும் எள்ளு என்று ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கோ எள்ளு ஆகாது. நடுவானில் உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு திணறியது. கையில் இருந்த 2 அட்ரினலின் ஊசியை போட்டும் பலன் இல்லை. பிரான்ஸ் நாட்டின் நீஸ் நகரில் தரை இறங்கி, ஆஸ்பத்திரியில் பரிதாபமாக இறந்து போனாள். இது நடந்தது 2016 ஜூலையில்.

கடையிலேயே செய்து கடையிலேயே பொட்டலம் கட்டும் சாப்பாட்டில் என்னென்ன இருக்கிறது என்று அச்சடிக்க அப்போது சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நடாஷாவின் பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2021 அக்டோபர் 1 முதல் அங்கே அது கட்டாயம். அந்த சட்டத்துக்கு பெயரே 'நடாஷா சட்டம்' தான்.

உயிரை பறிக்கும் இந்த அலர்ஜிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் அனபிலாக்சிஸ். சாதா அலர்ஜி என்றால் அரிப்பு, தடிப்பு, தும்மல். ஒரு மாத்திரையில் அடங்கி விடும். இது அப்படி இல்லை. ஆகாத பொருள் உள்ளே போனதும், உடம்பை காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தப்பு கணக்கு போட்டு ஒரே நேரத்தில் எல்லா பக்கமும் பாய்கிறது. ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் சரிகிறது. தொண்டை வீங்குகிறது. மூச்சுக்குழாய் சுருங்குகிறது. எல்லாம் சில நிமிடத்தில்.

1 லட்சம் பேர் அட்மிட்

இந்த கேஸ் உண்மையிலேயே கூடுகிறதா? அல்லது பேப்பரில் வருவதால் கூடின மாதிரி தெரிகிறதா? இதற்கு ஒழுங்கான கணக்கு வைத்திருப்பது இங்கிலாந்து. அங்கே அரசு ஆஸ்பத்திரியில் யார் சேர்ந்தாலும் காரணத்தை எழுதி பதிவு செய்கிறார்கள். அந்த ஏடுகளை புரட்டி 1998 முதல் 2018 வரை பிரிட்டன் முழுவதும் கணக்கு எடுத்து, 2021-ல் வெளியிட்டார்கள்.

அதன்படி 20 ஆண்டில் அனபிலாக்சிஸ் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1 லட்சத்து 1,891 பேர். இதில் 10-க்கு 3 பேருக்கு சாப்பாடுதான் காரணம் என்று பதிவாகி இருக்கிறது. மருந்து, ஊசி, பூச்சிக்கடி போன்றவை மற்ற காரணங்கள்.

சாப்பாட்டால் சேர்ந்தவர்களை மட்டும் பார்த்தால், 1998-ல் 10 லட்சம் பேருக்கு 12 பேர். 2018-ல் அதே 10 லட்சத்துக்கு 40 பேர். அதாவது 3 மடங்குக்கும் மேல். 15 வயதுக்கு கீழ் உள்ள பிள்ளைகள் கணக்கு இன்னும் பகீர் ரகம். 10 லட்சத்துக்கு 21 ஆக இருந்தது 92 ஆகி விட்டது.

சாவு மட்டும் கூடவில்லை

இவ்வளவு கூடினால் சாவும் 3 மடங்கு ஆகி இருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. 1998-ல் சாப்பாட்டு அலர்ஜியுடன் சேர்ந்த ஆயிரம் பேரில் 7 பேர் இறந்தார்கள். 2018-ல் ஆயிரத்துக்கு 2 பேர் கூட இல்லை. 20 ஆண்டிலும் சேர்த்து சாப்பாட்டு அலர்ஜியால் இறந்ததாக கருதப்படுபவர்கள் 152 பேர். ஆண்டுக்கு சராசரி 7 அல்லது 8 பேர்.

நோயை சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள், ஊசியை சீக்கிரம் போடுகிறார்கள் என்பது ஒரு காரணம். தொடையில் குத்திக்கொள்ளும் பேனா மாதிரியான அட்ரினலின் ஊசி அங்கே டாக்டர் சீட்டில் கிடைக்கிறது. அந்த சீட்டுகளின் எண்ணிக்கை அதே 20 ஆண்டில் 336 சதவீதம் கூடி இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. 2011-ல் அங்கே ஒரு வழிகாட்டுதல் வந்தது. அனபிலாக்சிஸ் வந்த 16 வயதுக்கு உட்பட்டவர்களை, தெளிந்து விட்டாலும் உடனே வீட்டுக்கு விடாமல் அட்மிட் செய்து கவனிக்க வேண்டும் என்பது அது. முன்பு ஊசி போட்டு அனுப்பிய பிள்ளையும் இப்போது கணக்கில் ஏறும். ஆக, கூடினதில் ஒரு பங்கு நோய், ஒரு பங்கு நோட்டுப் புத்தகம். அட்மிஷன் எண்ணிக்கையை மட்டும் வைத்து 'கொள்ளை நோய்' என்று அலறுவது சரி இல்லை.

இறந்தவர்களில் பாதிக்கு கொஞ்சம் குறைவானவர்களுக்கு எமனாக வந்தது வேர்க்கடலையும் பாதாம், முந்திரி வகைகளும். ஆனால் பள்ளிக்கூட வயது பிள்ளைகளில் 4-ல் ஒரு சாவுக்கு காரணம் பசும்பால். கடலையை கண்டு பயப்படுகிற அளவுக்கு பாலை கண்டு யாரும் பயப்படுவதில்லை. அதுதான் சிக்கல்.

கடலையை ஒளித்ததால் வந்த வினை

பிள்ளைகளுக்கு ஏன் திடீரென்று கடலை ஆகாமல் போனது? இந்த கதை கொஞ்சம் வேடிக்கை, கொஞ்சம் வேதனை. 1998-ல் பிரிட்டன் அரசு ஒரு அறிவுரை சொன்னது. அலர்ஜி, ஆஸ்துமா உள்ள குடும்பத்து பிள்ளைகளுக்கு 3 வயது வரை வேர்க்கடலையை கண்ணில் காட்டாதீர்கள் என்றது. அமெரிக்க குழந்தை டாக்டர்களும் 2000-ல் அதையே சொன்னார்கள். தாய்மார்களும் பயபக்தியோடு கடைப்பிடித்தார்கள்.

2008-ல் ஒரு ஒப்பீடு வந்தது. லண்டனில் வாழும் யூத பிள்ளைகளையும், இஸ்ரேலில் டெல் அவிவ் நகரில் வாழும் யூத பிள்ளைகளையும் எடுத்து பார்த்தார்கள். ஒரே இனம், ஒரே ரத்தம். ஆனால் கடலை அலர்ஜி லண்டனில் 1.85 சதவீதம், டெல் அவிவில் 0.17 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம்! என்ன காரணம் என்று பார்த்தால், இஸ்ரேல் குழந்தைகள் பல் முளைக்கும் வயதிலேயே பொரி மாதிரி ஊதின கடலை தின்பண்டத்தை சப்பி தின்கிறார்கள். லண்டன் குழந்தைகள் வாயில் அது படவே இல்லை.

சும்மா ஊகமா என்று சோதித்தும் பார்த்தார்கள். 4 முதல் 11 மாதம் ஆன, அலர்ஜி வர அதிக வாய்ப்புள்ள 640 குழந்தைகளை எடுத்து, பாதி பேருக்கு கடலை உணவு கொடுத்தார்கள். பாதி பேருக்கு கொடுக்கவில்லை. 5 வயதில் பார்த்தபோது, சாப்பிடாதவர்களில் 17 சதவீதம் பேருக்கு கடலை அலர்ஜி. சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். 2015-ல் இந்த முடிவு வந்ததும் பழைய அறிவுரை தலைகீழானது. 2017-ல் அமெரிக்கா புது விதி போட்டது. அதன் பிறகு அங்கே 3 வயதுக்கு கீழ் உள்ள பிள்ளைகளிடம் கடலை அலர்ஜி 43 சதவீதம் குறைந்து விட்டதாக 2025-ல் வந்த ஆய்வு சொல்கிறது. (முழுக்கடலையை கைக்குழந்தைக்கு கொடுத்து விடாதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நைசாக அரைத்து கலந்துதான் கொடுக்க வேண்டும். கரப்பான் உள்ள குழந்தை என்றால் டாக்டரை கேட்டு விட்டு.)

பக்கத்து மாநில கணக்கு

நம்ம பக்கம் எப்படி? பக்கத்தில் கர்நாடகாவில் எடுத்த கணக்கு இருக்கிறது. பெரியவர்களுக்கு ரத்தத்தில் சோதித்தபோது 26.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு உணவுக்கு எதிர்ப்பு பொருள் இருப்பதாக காட்டியது. அதாவது 4 பேரில் ஒருவருக்கு. ஆனால் நிஜமாகவே சாப்பிட்டு அவதிப்படுபவர்கள் 1.2 சதவீதம்தான். பள்ளி பிள்ளைகளில் அது 0.14 சதவீதம். ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பேர்.

எனவே ரத்த டெஸ்டில் 'பாசிட்டிவ்' என்று வந்ததும் பாலை நிறுத்து, முட்டையை நிறுத்து என்று பிள்ளையை பட்டினி போட வேண்டியது இல்லை. சாப்பிட்டால் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம்.

அரை மணி நேரம்தான்

பிரிட்டனில் 1992 முதல் 1998 வரை அனபிலாக்சிஸால் இறந்தவர்களை பற்றி எடுத்த கணக்கு ஒன்று உண்டு. மூச்சோ இதயமோ நிற்க சாப்பாட்டு அலர்ஜியில் சுமார் 30 நிமிடம் ஆகி இருக்கிறது. பூச்சி கொட்டினால் 15 நிமிடம். ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் 5 நிமிடம். நம்ம ஊரில் பென்சிலின் போடும் முன் நர்ஸ் கையில் 'டெஸ்ட் டோஸ்' குத்தி விட்டு உட்கார வைப்பது சும்மா இல்லை.

கதண்டோ தேனீயோ கொட்டி, அல்லது எதையோ சாப்பிட்டு, தடிப்போடு மூச்சு திணறல், குரல் கம்மல், தலை சுற்றல், மயக்கம் வந்தால் உடனே 108-க்கு போன் போட வேண்டும். ஆளை படுக்க வைத்து காலை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். எழுப்பி நடக்க வைக்கவே கூடாது. பிரஷர் விழுந்த நேரத்தில் எழுந்து நின்று அப்படியே சரிந்து இறந்தவர்கள் உண்டு. சுண்ணாம்பு தடவுவது, வீட்டில் கிடக்கும் அலர்ஜி மாத்திரையை கொடுத்து விட்டு காத்திருப்பது இதெல்லாம் நேரத்தை தின்னும். அரிப்பை குறைக்கும் மாத்திரை அடைத்த மூச்சை திறக்காது. திறப்பது தொடை சதையில் போடும் அட்ரினலின் ஊசி. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் 'கொட்டி விட்டது', 'இன்னது சாப்பிட்டு இத்தனை நிமிடம் ஆச்சு' என்று முதல் வார்த்தையாக சொல்லி விட வேண்டும். தெளிந்த பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்பதால், டாக்டர் இருக்கச் சொன்னால் இருந்து விட்டுத்தான் வீட்டுக்கு கிளம்ப வேண்டும்.