உங்களுக்குத் தெரியுமா? மான்ட்ரியலில் ஒரு மெக்சிகோ படையல்

செத்தவர்களுக்குப் படையல் போடுவது நம் வழக்கம் மட்டுமல்ல. மெக்சிகோவில் நவம்பர் 1 குழந்தைகளாக இறந்தவர்களுக்கு, 2 பெரியவர்களுக்கு. இறந்தவரின் படம், குவளைத் தண்ணீர், உப்பு, மெழுகுவத்தி, அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு. மான்ட்ரியலுக்குக் குடிவந்தவர்களும் இந்த ‘ஒஃப்ரெண்டா’வைக் கையோடு கொண்டு வந்தார்கள். “இந்தப் பாட்டி யாரும்மா?” என்று பிள்ளை கேட்டால் போதும், அங்கேயே வகுப்பு தொடங்கிவிடும். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

படையலுக்குரிய பூ செம்பசூச்சில். வேறொன்றுமில்லை, நம் பூக்கடைகளில் கூடை கூடையாகக் குவியும் செண்டுமல்லிதான். அதன் தாய்மண்ணே மெக்சிகோ. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு முன்னோர் வீடு வந்து சேர்வார்களாம். மான்ட்ரியலின் நவம்பர் குளிரில் அது தோட்டத்தில் தாக்குப்பிடிக்காது. காகிதப் பூ கைகொடுக்கும்.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் ‘போசாதா’. யோசேப்பும் மரியாளும் தங்க இடம் கேட்டு அலைந்ததைக் கதவுக்கு வெளியே ஒரு குழுவும் உள்ளே ஒரு குழுவும் பாடிக் காட்டும். பிறகு பிள்ளைகள் பின்யாத்தா உடைப்பார்கள். நம் உறியடிதான், உள்ளே மிட்டாய்.

வழக்கம் கூடவே வந்தது, மொழி? மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் சட்டம் 101 வந்தது 1977-இல். அதன்படி குடியேறியோர் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். வீட்டுமொழி நழுவாமலிருக்க ‘பெலோ’ என்ற பூர்வீக மொழி வகுப்புகள் உண்டு. ஸ்பானிஷும் அதில் ஒன்று. மான்ட்ரியலை அடுத்த டொலார்-டே-சோர்மோவின் முருகன் கோயில் தேருக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் நம்மவர்களுக்கும் இதே கவலைதான்.

2024 பிப்ரவரி 29 முதல் மெக்சிகோக்காரர்கள் பெரும்பாலோருக்குக் கனடா மீண்டும் விசா கேட்கிறது. பேரப்பிள்ளைக்குச் சமையலும் பாட்டும் சொல்லித்தர வரும் பாட்டிகளுக்கு இது பெரிய தடை. வருத்தமாக இருக்கிறது.

விசா இல்லாமலே எல்லை தாண்டும் மொனார்க் வண்ணத்துப்பூச்சி தெரியுமா? நம் எருக்கின் உறவுச் செடியில்தான் முட்டையிடும். தெற்குக் கியூபெக்கிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து மெக்சிகோவின் மிச்சோகான் மலைக்காடுகளுக்குப் போகிறது. சேரும் காலம் நவம்பர்த் தொடக்கம், படையல் நாட்களை ஒட்டி. வருவது முன்னோர் உயிர்கள் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. படையல் திருநாளும் இந்தக் காடுகளும் யுனெஸ்கோ பட்டியல்களில் ஏறியது ஒரே ஆண்டில், 2008-இல். மான்ட்ரியல் இன்செக்டேரியம் 2016-இல் தொடங்கிய ‘மிஷன் மொனார்க்’ திட்டத்தில், செடி செடியாகப் பார்த்துப் புழுக்களை எண்ணிச் சொல்ல யாரும் சேரலாம். கோடைக் கடைசியில் அங்கே ஒரு பிள்ளை எண்ணிய புழு, நவம்பரில் மிச்சோகானில் யாரோ ஒருவரின் பாட்டியாக வந்திறங்கலாம்.