அந்தக் கட்டத்தில் ‘டிக்’ போடலாமா?

லேக் கார்டன்ஸ் பக்கங்கள் – 14

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கும் வழியைச் சென்ற வாரம் பார்த்தோம். சான்றிதழ் கைக்கு வந்ததும் அடுத்த கவலை தொடங்கிவிடுகிறது. ஆட்டிசமோ ஏ.டி.எச்.டி.யோ டிஸ்லெக்சியாவோ உள்ள பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைச் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

கல்கத்தாவின் லேக் கார்டன்ஸ், லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் இதற்குப் பெரும்பாலும் பெற்றோர்தான் பதில் சொல்கிறார்கள். “வெளியில மூச்சு விடாதே, தங்கைக்கு வரன் பார்த்துண்டிருக்கோம்.” இவர்களில் பலர், தாத்தா காலத்தில் டைப்பிஸ்ட்டாகவும் கணக்கராகவும் கல்கத்தா வந்து, நல்ல பெயரையும் சிபாரிசையும் நம்பியே வேரூன்றிய குடும்பங்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சால்ட் லேக் செக்டர் ஃபைவ் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கப்போவது அந்தப் பிள்ளை. முடிவும் அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அரசு வேலையென்றால் குழப்பம் குறைவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19 அன்று. அதிலுள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் மனநோயும் உண்டு. மொத்த ஒதுக்கீடு 4 சதவீதம். அதில் இந்த மூன்று வகையினருக்கும், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் சேர்த்து 1 சதவீதம். அது வேண்டுமானால், குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்ற சான்றிதழோடு விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும். ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. இது பெரிய குறை. என்றாவது திருத்தியே ஆக வேண்டும்.

தனியார் கம்பெனிகளில்தான் சிக்கல். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உடல்நலம் பற்றியோ குறைபாடு பற்றியோ பொதுவாகக் கேட்கக் கூடாது. நம் சட்டத்தில் அப்படித் தெளிவான தடை இல்லை. அந்தப் பாதுகாப்பு இருந்தும் பிரிட்டனிலேயே மனிதர்கள் தயங்குகிறார்கள். ஆட்டிசம் உள்ள ஊழியர்களில் சுமார் 35 சதவீதம் பேர்தான் அலுவலகத்தில் முழுமையாக வெளிப்படையாக இருக்கிறார்கள், பத்தில் ஒருவர் யாரிடமும் சொல்வதில்லை என்கிறது ஆட்டிசம் உள்ளவர்களின் வேலைவாய்ப்பு பற்றி அங்கே 2024 பிப்ரவரியில் வெளியான பக்லேண்ட் அறிக்கை.

ஆகவே என் கருத்து இது. பயோடேட்டாவில் எழுத வேண்டாம். அதை முதலில் படிப்பவருக்கு உங்கள் திறமை இன்னும் தெரியாது. ஆட்டிசம் என்ற சொல் மட்டுமே கண்ணில் படும். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு, வேலையில் சேர்வதற்கு முன், எழுத்தில் சொல்லுங்கள். குறைபாட்டின் பெயரை விட என்ன தேவை என்பதை விரிவாகச் சொல்லுங்கள்: வேலைக் குறிப்புகள் மெயிலில் வர வேண்டும், கூச்சல் குறைந்த இடத்தில் இருக்கை வேண்டும், காது மூடும் ஹெட்ஃபோன் போட அனுமதி வேண்டும். நேர்காணலிலேயே கேள்விகள் எழுத்தில் தேவைப்பட்டால் மட்டும் முன்னதாகச் சொல்லலாம். மருத்துவப் படிவத்தில் நேராகக் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள். பின்னால் அந்தப் பொய்யையே காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்ப இடம் கொடுத்தது போலாகிவிடும்.

சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன? கண்ணைப் பார்த்துப் பேசுவதையும் டீ வேளை அரட்டையையும் நாள் முழுக்க நடித்துக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சுருண்டு விழுபவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து மேலதிகாரி, ‘வேலை திருப்தியில்லை’ என்று எழுதும்போது அவர்கள் பக்கம் ஒரு காகிதம்கூட இருக்காது.

கேட்டவர்களால்தான் சட்டம் கொஞ்சமாவது வளர்ந்திருக்கிறது. எழுதும்போது கையை இழுத்துப் பிடிக்கும் நரம்புக் கோளாறு உள்ள விகாஷ் குமார், யு.பி.எஸ்.சி. தேர்வில் தனக்காக எழுத ஓர் ஆள் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 40 சதவீதம் என்ற வரம்பு ஒதுக்கீட்டுக்குத்தான், இத்தகைய உதவி பெற அது நிபந்தனையாகாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், மனநோயோடு போராடிய சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில், மனநலக் குறைபாடு உள்ளவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதே மறைமுகப் பாகுபாடாகும் என்றது நீதிமன்றம். இப்போதைய பணிக்கு அவர் பொருந்தாவிட்டால் சம்பளம் குறையாமல் வேறு பணி தர வேண்டும் என்றும் சொன்னது.

இரண்டிலும் எதிர்த்தரப்பு அரசு. தனியாரிடம் பிடி அவ்வளவு வலுவாக இல்லை. ஆனாலும் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் 2016 சட்டத்தின் 21ஆம் பிரிவின்படியும் அதன் விதிகளின்படியும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட்டு, இதற்கென ஒரு தொடர்பு அதிகாரியையும் நியமிக்க வேண்டும். ஆஃபர் கைக்கு வந்ததும் எச்.ஆரிடம் அந்தக் கொள்கையின் பிரதியைக் கேளுங்கள். எந்த முகத்தோடு அதைத் தருகிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

லேக் கார்டன்ஸ் பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். தேவைகளைச் சொல்லும் மெயிலை உங்கள் பிள்ளையே எழுதட்டும். அவன் கேட்டால் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். பதில் வராவிட்டாலோ வேலையே பறிபோனாலோ, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்தப் புகாரோடு இணைக்க அவன் எழுதிய மெயிலின் நகல் வேண்டும், பத்திரமாக வையுங்கள்.