ரங்கத்தின் மழையும் பழைய காரின் ஹீட்டரும்



"குளிரே அறியாத ஊரில் காருக்கு ஹீட்டர் எதற்கு?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. நம் நாட்டின் வெப்பமான ஊர்களில் ஓடும் பழைய கார்களின் பானெட்டைத் திறந்து பார்த்தால், ஹீட்டருக்குச் செல்லும் இரண்டு ஹோஸ்களையும் ஒரு சிறு குழாயால் இணைத்துக் கட்டிவிட்டிருப்பதை அடிக்கடி காணலாம். எப்போதோ ஒருநாள் ஹீட்டர் ஒழுகியிருக்கும். பாகம் வந்து சேரும்வரை வண்டி ஓடட்டும் என்று மெக்கானிக் அப்படிச் செய்திருப்பார். அது தவறான வைத்தியம் அல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கான அந்த வைத்தியம் இருபது ஆண்டுகளுக்கு நீடித்துவிடுகிறது.

நடு அந்தமானிலுள்ள ரங்கத்தில் இக்கேள்விக்கு மழைதான் பதில் சொல்லும். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மாறிமாறி மழை கொண்டுவரும் தீவுகள் அவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நனைந்த உடையோடும் சொட்டும் குடையோடும் குடும்பமாக ஐந்து பேர் காரில் ஏறி, சன்னல்களை மூடிக்கொண்டு ஆராதனைக்குப் புறப்பட்டால், சில நிமிடங்களில் முன்கண்ணாடி பால்போல் வெளுத்துவிடுகிறது. ஓட்டுபவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மறுகையில் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வளைவுகளில் திரும்புகிறார். எதிரே லாரி வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. அந்தக் கண்ணாடியை உலர்த்துவதற்காகவே டேஷ்போர்டின் மேற்பகுதியில் காற்றுத் துவாரங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. வெப்பமான காற்று அவற்றின் வழியாக வந்தால்தான் பனிமூட்டம் விரைவில் விலகும்.

ஹீட்டர் வேலை செய்யும் முறை மிக எளியது. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாக நீரில் கலந்து ரேடியேட்டருக்குப் போகிறது. அந்தச் சூடான நீரில் ஒரு பகுதியைக் கிளைக் குழாய் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரேடியேட்டர் ஒன்றுக்கு அனுப்பி, அதன் மேல் விசிறியால் காற்றை ஊதினால் சூடான காற்று கிடைக்கும். இதனை ஹீட்டர் கோர் என்பர். வெளிக்காற்றை உள்ளிழுத்து இவ்வாறு சூடாக்கித் தரும் அமைப்பை அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938 ஆம் ஆண்டிலேயே தன் கார்களில் வைத்தது. காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காரில் மட்டும் கதை வேறு. அங்கே புகைக்குழாயின் வெப்பமே காற்றைச் சூடாக்கும். குழாயில் ஓட்டை விழுந்தால் நச்சுப்புகை உள்ளே வந்துவிடும்.

ஹீட்டர் கோரும் ஒரு ரேடியேட்டர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ரங்கத்துக்காரருக்கு இது உயிர்நாடியான செய்தி. ரங்கத்திலிருந்து போர்ட் பிளேயர், அதாவது 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரம், சாலை வழியாக ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அந்தமான் நெடுஞ்சாலையில் மிடில் ஸ்ட்ரெயிட் முதல் ஜிர்காட்டாங் வரை ஜாரவா பழங்குடியினரின் காப்பகம் வழியே, காவல் துணையுடன், வரிசையாகத்தான் வண்டிகள் செல்ல வேண்டும். நடுவில் நிறுத்தவும் இறங்கவும் தடை உண்டு. அத்தகைய இடத்தில் வெப்பமானியின் ஊசி ஏறத் தொடங்கினால் என்ன செய்வது? ஏசியை அணைத்து, சன்னல்களைத் திறந்து, ஹீட்டரை முழு வெப்பத்திலும் விசிறியை முழு வேகத்திலும் வையுங்கள். காருக்குள் வியர்த்துக் கொட்டும். ஆனால் எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி வெளியேறும். பல வேளைகளில் ஊசி இறங்கிவிடும். சூடாக வந்துகொண்டிருந்த காற்று திடீரென்று குளிர்ந்தால், நீர் வற்றிவிட்டது என்று பொருள். அப்போதும், ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டாலும், எஞ்சினை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. காரை விட்டு இறங்காமல் உடன்வரும் காவலருக்குத் தெரிவியுங்கள். ஹோஸ்களை இணைத்துக் கட்டிவிட்ட காரில் இந்த இரண்டாவது ரேடியேட்டர் உங்களுக்கு இல்லை.

இனி வேலைக்கு வருவோம். இங்கே சொல்லப்படுவது மாருதி 800 போன்ற, ஏர்பேக் இல்லாத பழைய கார்களுக்கே பொருந்தும். ஏர்பேக் உள்ள காரின் டேஷ்போர்டை வீட்டில் கழற்ற முயலாதீர்கள்.

முதலில் நோயைக் கண்டறிய வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது நீரின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, அது சூடானதும் ஹீட்டர் கம்பியை வெப்பப் பக்கம் தள்ளி, இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாமல் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தும் காற்று குளிர்ந்தே வந்தால், உள்ளே காற்றைத் திருப்பும் தகடோ அதன் கேபிளோ கழன்றிருக்கிறது. ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், கோர் அடைத்திருக்கிறது அல்லது நீரைத் திறந்துவிடும் வால்வு இறுகிக் கிடக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். 'வெப்ப நாட்டுக்கு இது வேண்டாம்' என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனால் எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை எட்டத் தாமதமாகிறது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது.

காலடியில் கம்பளம் ஈரமாக இருந்தால் உடனே ஹீட்டரைப் பழிக்க வேண்டாம். ரங்கத்தின் மழையில் முன்கண்ணாடி ரப்பரின் ஓரமாக நீர் இறங்கலாம். ஏசியின் வடிகுழாய் அடைத்தும் நீர் தேங்கலாம். அந்த ஈரத்தை விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பும் நிறமும் இனிய வாசனையும் இருந்தால் அது கூலன்ட், கோர் ஒழுகுகிறது. கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பசைபோல் படிவதும் அதன் அடையாளமே.

கோரைக் கழற்றுவதற்கு முன் எஞ்சின் முற்றிலும் ஆறட்டும். ஓர் இரவு விட்டாலும் நல்லதே. ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போன்றது. சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, ரேடியேட்டரின் அடியிலுள்ள திறப்பு வழியாக நீரை ஒரு வாளியில் வடித்துக்கொள்ளுங்கள். பழைய ஹோஸ் கோரின் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் மெல்லிய பித்தளைக் குழாய் முறிந்துவிடும். ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள்; போவது ஹோஸ் மட்டுமே. டேஷ்போர்டின் திருகுகள் பல நீளங்களில் இருக்கும். கழற்றிய வரிசைப்படி அவற்றை இட்லித் தட்டின் குழிகளில் போட்டுவையுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். (இட்லித் தட்டுக்கு வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு.)

வெளியே எடுத்த கோரில், நீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிர்த்திசையில், தோட்டக் குழாயால் மெல்லிய வேகத்தில் தண்ணீர் விடுங்கள். செம்மண் நிறத்தில் துருவும் சேறும் வரும். தெளிந்த நீர் வரும்வரை திசையை மாற்றிமாற்றி விடுங்கள். ஆசிட் வேண்டாம். அது அடைப்பைக் கரைக்கும். மெல்லிய உலோகத்தையும் சேர்த்தே கரைக்கும். பிறகு ஒரு துவாரத்தை அடைத்து, மறுபக்கம் சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, பஞ்சர் கடைக்காரர் டியூபை முக்குவதைப்போல் கோரை நீரில் முக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. செம்பு, பித்தளைக் கோராக இருந்தால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து அடைத்துத் தருவார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்ததாக இருந்தால் புதியது வாங்குவதே சிறந்தது. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டும் பழைய உபாயம் ஒன்று உண்டு. வழியில் சிக்கியவருக்கு அது கைகொடுக்கலாம். ஆனால் அந்தத் தூள் முதலில் போய் அடைப்பது ஹீட்டர் கோரின் நுண்ணிய குழாய்களைத்தான்.

பாகங்கள்தாம் தீவுவாசிக்குப் பெரிய பாடு. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014 இல் நின்றுவிட்டது. சென்னையின் புதுப்பேட்டையில் பழைய பாகங்களும் ஜி.பி. சாலையில் புதிய பாகங்களும் கிடைக்கின்றன. ஆனால் சென்னையிலிருந்து கப்பல் வந்துசேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். தவறான பாகம் வந்தால் மீண்டும் அதே காத்திருப்பு. ஆகவே ஊருக்குப் போகும் உறவினரிடம் காரின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். தயாரிப்பு ஆண்டு, ஹோஸின் உள்விட்டம், நீளம், கோரின் நீள அகலம், குழாய்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்பவற்றை எழுதி, படத்தோடு கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் பழைய பாகத்தையே கொடுத்துவிடுங்கள். ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் மூடியையும் ஒரே முறையில் வாங்கிவிடுங்கள். கிளிப்புகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். கடற்காற்றில் சாதாரணக் கிளிப் எவ்வளவு விரைவில் உதிரும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

விசிறி முழு வேகத்தில் மட்டும் சுழன்று மற்ற வேகங்களில் அசையாதிருந்தால், பெரும்பாலும் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. மோட்டாரை மாற்றத் தேவையில்லை. சுழலவே இல்லையென்றால் பியூஸையும் எர்த் இணைப்பையும் பாருங்கள். பச்சை பூத்த இணைப்பை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பின் வாசலின் தடவுங்கள். பியூஸ் போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றினால், அடுத்து எரிவது ஒயராக இருக்கும். காற்றைத் திருப்பும் தகடுகளின் ஓரத்திலுள்ள பழைய நுரை பொடிப்பொடியாகி முகத்தில் பறக்கும். அதைச் சுரண்டி எடுத்து, நீர் உறிஞ்சாத புதிய நுரையை ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும் பூட்டியபின் கிணற்று நீரை ஊற்றிவிடாதீர்கள்; அதிலுள்ள உப்புகள் மீண்டும் படியும். டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்டையே ஊற்றுங்கள். அது உறைவதைத் தடுப்பதற்காக மட்டும் அல்ல. துருவையும் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. ஒரு வகையோடு வேறு வகையைக் கலக்க வேண்டாம். ஊற்றும்போது காரின் முன்பகுதி சற்று மேடான இடத்தில் இருக்கட்டும்; ஹீட்டர் கம்பி வெப்பப் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். எஞ்சினை மூடிய ஷெட்டுக்குள் ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தலைவலியும் தூக்கமும் வரும்போது எழுந்து வெளியே வரும் பலமும் போயிருக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கூலன்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய நஞ்சு. வடித்த நீர் வாளியில் இருக்கும்போதே குழந்தையோ நாயோ நக்கிவிடக்கூடும். அதைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிவைப்பது மிகப் பெரிய ஆபத்து. சிறிதளவு குடித்ததாகச் சந்தேகம் வந்தாலும், குழந்தை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். சிறுநீரகம் கெடுவது பின்னரே வெளியில் தெரியும்.

பழுது நீங்கிய ஹீட்டரை மழையில் பயன்படுத்தும்போது, காற்று வெளியிலிருந்து வரும்படி வைத்து, கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். ஏசி இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிழியும், ஹீட்டர் அதைச் சூடாக்கும். ஏசி மட்டும் ஓடும்போது கண்ணாடி குளிர்ந்து, அதன் வெளிப்புறத்தில் பனி படிவதும் தீவில் உண்டு. உள்ளே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. வைப்பரைப் போட்டு, ஹீட்டர் கம்பியைச் சற்றே வெப்பப் பக்கம் நகர்த்தினால் போதும். டெல்லியின் ஜனவரிப் பனியில் வண்டி ஓட்டும் நம் வாசகர்களுக்கும் ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடும் இம்முறையே உதவும்.

முதல் ஓட்டத்தை நெடுஞ்சாலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். ரங்கத்துக்குள்ளேயே, அல்லது ஆம்குஞ்ச் கடற்கரை வரை போய்வாருங்கள். மறுநாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது நீரின் அளவைப் பாருங்கள். காற்று வெளியேறிய அளவுக்கு நீர் சிறிது இறங்கியிருக்கும். நிரப்பிவிட்டுக் கிளிப்புகளை இன்னொரு முறை இறுக்குங்கள். புதிய ரப்பர் ஒருமுறை சூடாகி ஆறியபின் சற்றுத் தளர்வது இயல்பே.